விண்டோஸ் திறந்துவிட்டால் போதுமா?

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, லேமிங்டன் ரோட்டில் ராம் வாங்கி வருகிறோம். பெட்டியில் 3200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உல்லாஸ்நகர் வீட்டில் மாட்டி, டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால் 2133 என்றோ 2666 என்றோ காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே இது என்னவென்று பார்ப்போம்.

ராம் கட்டையில் ஒரு குட்டி சிப் இருக்கிறது. அந்தக் கட்டை எந்தெந்த வேகத்தில் ஓடும் என்ற பட்டியல் அதில் பதிந்திருக்கும். முதல் பட்டியல் ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த நிதானமான வேகம். டிடிஆர்4 தலைமுறை ராமுக்கு 1.2 வோல்ட்டில், அதற்கேற்ற எந்த மதர்போர்டில் மாட்டினாலும் ஓடக்கூடியது. இரண்டாவது பட்டியல் ராம் செய்த கம்பெனி தானே சோதித்து எழுதியது. வேகம் கூடுதல், மின்னழுத்தமும் கூடுதல், வழக்கமாக 1.35 வோல்ட். இந்த இரண்டாவது பட்டியலுக்கு இன்டெல் 2007இல் வைத்த பெயர்தான் எக்ஸ்எம்பி. ஏஎம்டி 2022இல் டிடிஆர்5க்காகக் கொண்டுவந்தது எக்ஸ்போ. பெட்டியில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் இரண்டாவது பட்டியலின் எண். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற செட்டிங் பக்கத்துக்குள் போய் நாம் அதைத் தேர்ந்தெடுக்கும்வரை போர்டு முதல் பட்டியலிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும்.

தேர்ந்தெடுத்ததும் என்ன நடக்கிறது? பிராசஸருக்கும் ராமுக்கும் ஒரு துடிப்பு உண்டு. பிராசஸர் 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடித் துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். அவ்வளவு நேரத்துக்குள் ஒரு சின்ன வேலை முடிந்து அடுத்த இடத்துக்குக் கைமாற வேண்டும்.

கேம்ப் 5 பக்கம் ஜீன்ஸ் தைக்கும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பாக்கெட் வைக்கிறார், அடுத்தவர் பக்கத் தையல் போடுகிறார், அதற்கடுத்தவர் ஜிப். நம் வசதிக்காக அங்கே ஒரு மணி அடிப்பதாக வைத்துக்கொள்வோம். மணி அடித்ததும் கையில் இருப்பதை, முடிந்தாலும் முடியாவிட்டாலும், அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். மணியை வேகமாக அடித்தால் நாளைக்கு அதிகப் பேன்ட் வெளியே வரும். இதுதான் ஓவர்கிளாக். ஆனால் ஒருவருடைய கை மணிக்குப் பிந்திவிட்டால், பாதித் தையலோடு துணி அடுத்த மெஷினுக்குப் போய்விடும். வேலை நிற்காது. பேன்ட்டும் பேன்ட் மாதிரியே வெளியே வரும்.

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். வேகத்தைக் கூட்டினோம், கம்ப்யூட்டர் ஆன் ஆனது, விண்டோஸ் வந்தது, ஒரு கேமும் ஓடியது, ஆகவே சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். விண்டோஸ் திறக்கிற நேரத்தில் ராமின் ஒரு பகுதிதான் பயன்படுகிறது. பிராசஸரின் மிகக் கடினமான கணக்குப் பாதைகள் பல சும்மா இருக்கின்றன. பிந்துகிற கை அந்த நேரத்தில் வேலையே செய்யாமல் இருக்கலாம். ஓடுவது வேறு, பிழையில்லாமல் ஓடுவது வேறு.

பிழை வந்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வந்தால் தெரியும், அது நல்ல காலம். ராமில் ஒரே ஒரு பிட் 0க்குப் பதில் 1 ஆக மாறி, அது ஒரு போட்டோவின் நடுவில் விழுந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. நாம் சேவ் கொடுக்கிறோம். கெட்ட பிரதியே டிஸ்க்கில் உட்கார்ந்துகொள்கிறது, பேக்கப் எடுத்தால் அங்கேயும் அதுதான். வீட்டு கம்ப்யூட்டர்களில் போடும் சாதாரண டிடிஆர்4 ராமில் இதைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி கிடையாது. சர்வர்களுக்கான இசிசி ராமில் உண்டு. கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவருக்கு, வாடிக்கையாளர் வீட்டு மங்கல நிகழ்ச்சி இப்படிச் சிதைவது நீலத்திரையைவிடப் பெரிய நஷ்டம்.

பிந்துகிற கையை வேகப்படுத்த ஒரு வழி உண்டு, மின்னழுத்தத்தைக் கூட்டுவது. டிரான்சிஸ்டர்கள் சீக்கிரம் மாறும். ஆனால் விலை அதிகம். வெப்பம் வேகத்தின் விகிதத்தில் ஏறுகிறது, மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. 4 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்க 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினோம் என்றால் வேகம் கூடுவது 10 சதவீதம், வெப்பம் கூடுவது ஏறக்குறைய 29 சதவீதம். வெப்பம் மட்டுமல்ல, அதிக மின்னழுத்தம் சிப்பையே மெல்லத் தேய்க்கும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில், யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே இது நடந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போயிருக்கிறது என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது, வாரன்டியை 2 வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் பழைய நிலைக்குக் கொண்டுவராது. பயாஸில் வோல்டேஜைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சரி, கூட்டுவதற்கு இடமே எங்கிருந்து வருகிறது? 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். போர்டின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது, பல சிப்கள் அங்கே பிழையில்லாமலும் ஓடின. அந்த அளவு மிச்சம் இன்று கிடைப்பதில்லை. இன்றைய பிராசஸர்கள் தாங்களே டர்போவில் மேல்விளிம்புக்குப் போய்விடுகின்றன. இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் எப்போதும் உண்டு. மோசமான சூழ்நிலையிலும் சிப் தப்புச் செய்யக்கூடாது என்று கம்பெனி விட்டுவைக்கிற இடம் அது. சூடான அறை, தூசி அடைத்த ஃபேன், ஏறி இறங்கும் மின்சாரம், சில வருடத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த இருப்பு.

அதாவது, அந்த இருப்பின் பெரும்பகுதி நமக்காகவே வைத்தது. குளிர்ந்த நாட்டில், 20 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் சொல்கிற எண்களை நாம் அப்படியே பயாஸில் போடுகிறோம். உல்லாஸ்நகர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மே மாதம் பிற்பகல் பத்ரா, அதாவது தகரக் கூரை, போட்ட மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் வைத்த கூலரால் சிப்பை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை 15 டிகிரி கூடினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். ஜீன்ஸ் யூனிட் பக்கத்தில் வீடு என்றால் ஹீட்சிங்க்கில் பஞ்சுத்தூசியும் சேரும்.

ராமுக்கு வெப்பம் இன்னும் நேரடியான எதிரி. ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் உருவாக்கி 1968இல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றும் அடிப்படை. ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய கெபாசிட்டரில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் டிடிஆர்4இல் 64 மில்லிநொடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுத வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். 85 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கெடுவைப் பாதியாக, 32 மில்லிநொடியாக, குறைக்கச் சொல்கிறது ஜெடெக் விதி. ஜனவரியில் தேறிய செட்டிங் மே மாதம் தவறுவதற்கு மர்மம் எதுவும் இல்லை.

ஆகவே சோதிக்கிற நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுவோம். பிறகு பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்று முடியும்வரை விடுவோம். பல மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான், ஒன்றுதானே என்று விடக்கூடாது. பிராசஸருக்கு பிரைம்95. பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய நிரல் அது. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பிடுவதால், சத்தமில்லாத தப்பும் அதில் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் இரவில் ஏசி போட்டு ஓட்டாமல், கோடைப் பிற்பகலில், கேபினட்டை மூடி, வழக்கமாக இருக்கும் மூலையிலேயே வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தவறினால் 3200ஐ 3000 ஆக்கி மறுபடி சோதிக்கலாம். சில வேலைகளைத் தவிர அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. திரையே வராமல் போனால் பயப்பட ஒன்றுமில்லை. பல போர்டுகள் சில முறை முயன்றுவிட்டுத் தாமாகவே முதல் பட்டியலுக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மின்சார வயரைக் கழற்றி, போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் செல்லை எடுத்துச் சில நிமிடம் கழித்து மறுபடி வையுங்கள். பயாஸ் செட்டிங் அழிந்து, பழைய 2133இலோ 2666இலோ கம்ப்யூட்டர் எழுந்துவிடும்.