கால், பாதம், காலணி: சொல்லறிவும் நடைநலமும்

பேச்சுத் தமிழில் ‘கால்’ என்னும் சொல் தொடையிலிருந்து விரல்நுனி வரை முழு உறுப்பையும் குறிக்கிறது. மலாய் மொழியின் ‘காக்கி’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஆங்கிலமோ கணுக்காலுக்கு மேலே ஒரு பெயரும் கீழே வேறொரு பெயரும் வழங்குகிறது. இதனால் ஒரு மொழி உயர்ந்ததுமன்று, மற்றொன்று தாழ்ந்ததுமன்று. ஆயினும், மூதாட்டி ஒருவர் மருத்துவரிடம் ‘கால் வலிக்கிறது’ என்று கூற, உடன்வந்த பேரன் அதை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க நேர்ந்தால், அவன் இரு சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வலி குதிகாலில் இருக்க, பேச்சு முழங்காலைப் பற்றி நடக்கக்கூடும். காலணிக் கடையிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆதலால், நோகும் பாதத்திற்கு ஏற்ற காலணியைத் தேடும் அன்றாடச் செயலை மொழியின் பக்கத்திலிருந்து விளக்க இவ்வுரை முற்படுகிறது.

உறுப்பைச் சுட்டும் சொற்கள்

பொதுச்சொல் ஒன்றாயினும், பகுதிகளைச் சுட்டும் சொற்களுக்குத் தமிழில் குறைவில்லை. தரையைத் தொடுவது உள்ளங்கால், அதன் மேற்புறம் புறங்கால், பின்பகுதி குதிகால், பாதமும் காலும் கூடுமிடம் கணுக்கால், விரல்களுக்கு இடைப்பட்டது விரலிடுக்கு. இவற்றோடு பாதத்தின் உள்வளைவு, பெருவிரலின் அடிமூட்டு ஆகியவற்றையும் கூறத் தெரிந்தால், காலணி எவ்விடத்தில் உறுத்துகிறது என்பதை ஐயமின்றி உணர்த்தலாம். பெருவிரலின் அடிமூட்டு புடைத்திருப்பவருக்கு அகலமான முன்பகுதி வேண்டும். குதிகாலில் நோவுள்ளவருக்கு மெத்தென்ற, அதிர்வைத் தாங்கும் அடிப்பாகம் வேண்டும். இருவருமே ‘கால் வலி’ என்றால் கடைக்காரர் என் செய்வார்?

உணர்வைச் சுட்டும் சொற்கள்

எளிதில் நோகும் பாதத்தைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? ‘உணர்ச்சி மிக்க பாதம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது கவிதையாகிவிடும். வழக்கில் உள்ள சொற்கள் இதைவிட நுட்பமானவை. எரிச்சல், குத்தல், குடைச்சல், கடுப்பு, கூச்சம், மதமதப்பு, மரத்துப்போதல் ஆகிய ஒவ்வொன்றும் வேறுவேறு உணர்வைச் சுட்டுகிறது. எறும்பு ஊர்வது போல, ஊசியால் குத்துவது போல, பஞ்சின் மேல் நடப்பது போல என்னும் உவமைகளை எளிய மக்களும் இயல்பாகக் கையாள்கின்றனர். மருத்துவர் கேட்டறிய விரும்புவதும் இத்தகைய வேறுபாடுகளையே.

இவற்றுள் ‘மரத்துப்போதல்’ என்னும் சொல் தனிக் கவனத்திற்குரியது. நீரிழிவு நோயால் நெடுங்காலம் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்குமாயின், பாதத்தின் நரம்புகள் பழுதடையலாம். முதலில் எரிச்சலும் குத்தலும் தோன்றி, பின்னர் உணர்வே மங்கிப்போவதும் உண்டு. அந்நிலையில் காலணிக்குள் கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. உரசலால் உண்டான புண்ணும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாமல் அழுகி, விரலையோ பாதத்தையோ அகற்றும் நிலை வரை செல்லக்கூடும். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரையிலானோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 17.2 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. ‘இப்போது வலியே இல்லை’ என்று பாட்டி மகிழ்ச்சியோடு கூறினால், அது குணமா, மரத்துப்போதலா என்று கேட்டறிவது குடும்பத்தாரின் கடமை.

காலணியைச் சுட்டும் சொற்கள்

‘செருப்பு’ தொன்மையான திராவிடச் சொல். தெலுங்கில் அது ‘செப்பு’, கன்னடத்தில் ‘கெர’. தமிழ்ச் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’ ஆவது போன்றே இங்கும் சகரத்திற்கு ஈடாகக் ககரம் நிற்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ‘தொடுதோல்’ என்றும் ‘அடிபுதையரணம்’ என்றும் காலணிக்குப் பெயர்கள் காணப்படுகின்றன. பின்னதன் பொருள், அடியை மறைக்கும் காவல் என்பது. அந்நூலில் வரும் ஆயனின் பாதத்தில் தோற்செருப்பு அழுந்திய வடு இருப்பதாகப் புலவர் கூறுகிறார். காக்க வந்ததே காயமும் செய்யும் என்பதை அவர் அன்றே கண்டிருக்கிறார். இன்றைய வழக்கில் நாம் அதைச் ‘செருப்பு கடிக்கிறது’ என்கிறோம்.

கடல்வழி வந்த சொற்களும் உள. போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது ‘சப்பாத்து’. இலங்கைத் தமிழரிடையே அது இன்றும் வழங்குகிறது. அங்கே ரப்பர் செருப்பிற்கு நிறுவனத்தின் பெயராலேயே ‘பாட்டா’ என்று பெயர். தமிழ்நாட்டில் அது ஹவாய்ச் செருப்பு. சாதி ஒடுக்குமுறை நிலவிய ஊர்களில் சிலர் தெருவில் காலணி அணிந்து நடப்பதே தடுக்கப்பட்டிருந்தது. ‘செருப்பு’ என்னும் சொல் வசையிலும் இடம்பெற்றது. பொது எழுத்தில் ‘காலணி’, ‘பாதணி’ என்னும் சொற்கள் விரும்பப்படுவதற்கு இப்பின்னணியும் ஒரு காரணம் எனலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

காலணியின் எண் நீளத்தை மட்டுமே கூறும், அகலத்தைக் கூறாது. ஆங்கில முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஓர் அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு. ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். ஆகவே எண்ணை நம்பி வாங்காமல், பின்வருமாறு செய்தல் நன்று.

பகல் முழுதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கும். ஆதலின் மாலையில் வாங்குக. நின்றநிலையில் இரு பாதங்களையும் அளந்து, பெரியதற்கு ஏற்ப எண்ணைத் தேர்க. நீளமான விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும். தாளில் பாதத்தின் வடிவை வரைந்து அதன்மேல் காலணியை வைத்துப் பார்த்தால், கோடு வெளியே தெரியும் இடமே கடிக்கப்போகும் இடம். குதிகாலைச் சுற்றிய பகுதி அழுத்தினால் எளிதில் மடங்கலாகாது. அடிப்பாகம் விரல்கள் மடங்குமிடத்தில் மட்டும் வளைய வேண்டும். உள்ளே கையைவிட்டுத் தடவி, உறுத்தும் தையல் இல்லை என உறுதிசெய்க. ‘போடப்போட இளகிவிடும்’ என்னும் ஆறுதல் மொழியை ஏற்க வேண்டா. உணர்வு குன்றிய பாதமாயின் பாதநல வல்லுநரைக் கண்டபின் வாங்குவதே தக்கது.

நம் ஊரும் நம் வழக்கமும்

லிட்டில் இந்தியாவில் அரைநாள் செலவிடும் ஒருவர் தேக்கா சந்தையின் ஈரத்தரையிலும், கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையிலும் நடப்பார். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தோடு தொடங்கிய அப்பாதையை மலாயில் ‘காக்கி லீமா’ என்பர். தமிழ் ‘அடி’யைப் போலவே ‘காக்கி’யும் உறுப்பாகவும் அளவாகவும் நிற்கிறது. கடைக்குக் கடை அதன் தரைமட்டம் ஏறி இறங்கும். மழைநாளில் ஓடுகள் வழுக்கும். சிராங்கூன் சாலைக் கோயில்களிலும் வீட்டு வாசலிலும் காலணியைக் கழற்ற வேண்டும். எனவே, நாள்தோறும் பலமுறை கழற்றி அணியும் நமக்கு, வழுக்காத அடிப்பாகமும், குனியாமலே இறுக்கித் தளர்த்தக்கூடிய ஒட்டுப்பட்டையும் கொண்ட காலணியே எல்லா இடத்திற்கும் பொருந்தும்.

வெறுங்காலுடன் நடப்பது வழிபாட்டின் பகுதி. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் காவடியுடன் நடப்போர் உளர். நீரிழிவுள்ளோர் அத்தகைய நடைக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று. அன்றாட வழிபாட்டிற்குத் தரை சுடாத காலைவேளையில் செல்லலாம். காலுறை அணிய இசைவுண்டா எனக் கோயில் அலுவலகத்தில் கேட்கலாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கலாம். தாமே குனிந்து பார்க்க இயலாத முதியோர்க்குப் பிள்ளைகளின் கண்கள் துணையாகட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடலுறுப்புப் பாடத்தில் ‘கால்’ என்னும் சொல்லோடு நின்றுவிட வேண்டா. பாதத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பகுதிகளின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். அடுத்த நாள், வீட்டு முதியோரிடம் பேசி, அவர்தம் பாதத்தில் என்ன உணர்வு, எவ்விடத்தில் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதிவரச் செய்யுங்கள். அவ்விரு வாக்கியங்களை எழுதத் தெரிந்த பேரன் அருகில் இருந்தால், பாட்டியின் வலி உரிய இடத்திலேயே மருத்துவரைச் சென்றடையும்.