பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளே... உங்களுக்கு அரசு தரும் உதவிகள் என்னென்ன?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் சத்தம் கேட்கும் தெரு. என் அம்மாயி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பாட்டியையும் நான் ‘அம்மாயி’ என்றுதான் கூப்பிடுவேன். வயது 68. மகள் நோயில் இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போய்விட்டார். 12 வயதுப் பேத்தி அம்மாயியிடம்தான் வளர்கிறாள்.

“முதியோர் பணம் 1,200 வருது. பருத்தி எடுக்கப் போனா கொஞ்சம் கெடைக்கும். இவளுக்குன்னு கவர்மென்ட்ல ஏதும் தருவாங்களா கண்ணு?” என்று அம்மாயி கேட்டபோது, என்னிடம் சட்டென்று பதில் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் எல்லா தாத்தா பாட்டிகளுக்காகவும் இங்கே தருகிறேன்.

பணம் பிள்ளையின் பேரில்

அமெரிக்காவில் பேரக்குழந்தைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கு வழிகாட்டவென்றே 2018-ல் தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். நம் ஊரில் ‘தாத்தா பாட்டி திட்டம்’ என்று எதுவும் கிடையாது. அதனால் பலரும் உதவியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உதவி இருக்கிறது. அது பிள்ளையின் பெயரில் வருகிறது.

அன்புக்கரங்கள்: தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம். முதல் கட்டமாக 6,082 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் இறந்து, மற்றவர் பிள்ளையைக் கைவிட்டுப் போயிருந்தாலும், சிறையில் இருந்தாலும், மாற்றுத்திறனாளியாகவோ உயிருக்கு ஆபத்தான நோயாளியாகவோ இருந்து வளர்க்க முடியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்.

மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு: மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்துவது. மாதம் 4,000 ரூபாய். பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளும் இதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும்.

விபத்து என்றால்: அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், பள்ளிக்கல்வித் துறை மூலம் 75,000 ரூபாய் உண்டு. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

முதல் இரண்டு திட்டங்களுக்கும் போக வேண்டிய இடம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. எந்தத் திட்டம் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

தடுக்குவது காகிதத்தில்தான்

அம்மாயியின் பேத்திக்கு அன்புக்கரங்கள் பொருந்தும். விண்ணப்பிக்க ரேஷன் கார்டு, பிள்ளையின் ஆதார், வயதுச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தோம். மகளின் இறப்புச் சான்று இருந்தது. பேத்தியின் ஆதார் இருந்தது. இரண்டு விஷயங்கள் இடித்தன.

ஒன்று, பேத்தியின் பெயர் இன்னும் அப்பாவின் ரேஷன் கார்டில் இருந்தது. ஒருவர் பெயர் ஒரே கார்டில்தான் இருக்க முடியும். ஆன்லைனில் நீக்கலாம் என்றால், ஓ.டி.பி அப்பாவின் போனுக்குப் போகும். அந்த நம்பரோ எடுப்பதே இல்லை. இப்படிப்பட்டவர்கள் வட்ட வழங்கல் அலுவலரிடம் நிலைமையை எழுதி மனு கொடுக்க வேண்டும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம்.

இன்னொன்று, வங்கிக் கணக்கு. “அப்பா கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க” என்றார் அம்மாயி. 1956-ம் ஆண்டு இந்து இளவர் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர்கள் அப்பாவும் அம்மாவும்தான். பிறந்த நாளிலிருந்து வளர்த்தாலும் பாட்டி அந்த வரிசையில் இல்லை. ஆனால், 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. தபால் நிலையத்திலும் முடியும். 12 வயதுப் பேத்திக்கு அப்பாவின் கையெழுத்தே தேவையில்லை!

பிள்ளை 10 வயதுக்குக் கீழே இருந்தால்? மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு பெறுவது ஒரு வழி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்தால் போதும்.

அப்பா அம்மா உயிரோடு இருந்தால்?

திருப்பூருக்கோ, வளைகுடா நாட்டுக்கோ வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளும் பாட்டி வீட்டில்தான் வளர்கிறார்கள். பணம் அனுப்புவது ஒரு கட்டத்தில் நின்றுபோனாலும், பெற்றோர் இருவரும் உயிரோடு இருப்பதால் அன்புக்கரங்களில் சேர முடியாது. அம்மாயி தெருவிலேயே அப்படி ஒரு தாத்தா இருக்கிறார். அவருக்கு இன்றைக்கு இருப்பது முதியோர் பணமும், பள்ளியில் பேரனுக்குக் கிடைக்கும் காலை, மதிய உணவும்தான். அரசு அடுத்து கவனிக்க வேண்டிய இடம் இது.

அம்மாயியும் பேத்தியும் தபால் நிலையத்துக்குப் போய்க் கணக்கு தொடங்கிவிட்டார்கள். ரேஷன் கார்டு மனு கொடுத்தாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

“இன்னும் ஆறு வருஷம் இவளைப் படிக்க வச்சிட்டா போதும். அதுவரைக்கும் என் கை கால் ஓடணும்” என்கிறார் அம்மாயி.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். அவர்களால் அலைய முடியாது. நீங்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டு, விவரம் கேட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை கூடவே போய் வாருங்கள்.