புள்ளி வைத்துச் சொல்லுங்கள்!



போன மாதம் முழுக்க எங்கள் தெருவில் 'போனிக்ஸ்' பேச்சுதான். ஏ, பி, சி, டி என்று எழுத்தின் பேரைச் சொல்லித் தருவதா, அந்த எழுத்தின் சத்தத்தைச் சொல்லித் தருவதா என்று ஒரே சண்டை. "ஏ ஃபார் ஆப்பிள் படிச்சவங்க கலெக்டர் ஆகலையா?" என்பது என் மாமியார் கட்சி. எதிர்வீட்டு அக்கா 3,000 ரூபாய் கட்டி மகனை ஸ்பெஷல் கிளாசில் சேர்த்துவிட்ட கட்சி.

என் பெண் இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷ் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து "இது என்னடி?" என்றால் முழிப்பாள். முதல் வரியிலிருந்து ஆரம்பித்து அந்த இடத்துக்கு வந்தால்தான் சொல்ல வரும். இது படிப்பா, பாட்டா? பள்ளியில் கேட்டதற்கு, "நீங்க வீட்டுல எதுவும் சொல்லித் தராதீங்க, குழப்பிடுவீங்க. ஸ்பெஷல் கிளாசில் சேருங்க" என்றார்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த அம்மா என்றால் ஒதுங்கி நிற்க வேண்டியதுதானா? எனக்குச் சுருக்கென்றது.

அப்படி ஒன்றும் மலையைப் புரட்டுகிற விஷயமில்லை. 'பென்' என்பதற்கு எழுத்து பீ, ஈ, என். மூன்றையும் எத்தனை வேகமாகச் சேர்த்தாலும் 'பென்' வராது. ப், எ, ன் என்று சத்தமாகச் சொன்னால் தானாக வந்துவிடும். அவ்வளவுதான் போனிக்ஸ்! ஆங்கிலத்தில் எழுத்து 26, சத்தம் சுமார் 44. அதனால் 'ஷிப்'பில் வருவது போல இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே சத்தம் தருவதும் உண்டு. (நம் பெரியவர்களும் ஆனா, ஆவன்னா, கானா என்று எழுத்துக்குப் பேர் வைத்துத்தானே படித்தார்கள்!)

நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். நம்ம நாக்கு சும்மா இருக்காது. பஸ்ஸு, கப்பு, பென்னு என்று கடைசியில் ஒரு 'உ'வை ஒட்டிவிடும். என் பெண்ணும் "பு, எ, னு" என்றுதான் சேர்ப்பாள். சில டீச்சர்களே "ப, எ, ன" என்று சொல்லித் தருகிறார்கள். அதைச் சேர்த்தால் எப்படி 'பென்' வரும்? நான் சமையலறைத் தரையில் சாக்பீஸால் ப் என்று புள்ளி வைத்து எழுதினேன். "தமிழ் கிளாசில் இதை எப்படிச் சொல்லுவே?" "இப்." "அந்த 'இ'யை முழுங்கிட்டு மிச்சத்தைச் சொல்லு." உதட்டை மூடித் திறந்து 'ப்' என்றாள். க்+அ=க என்று ஏற்கெனவே படித்தவள்தானே, பிடித்துக்கொண்டாள். மூன்றே வாரத்தில் பெட், டென், ஹென் எல்லாம் அவளாகவே வாசித்தாள். நம் புள்ளி எழுத்து இருக்கும்போது தமிழ் படித்த அம்மாவா குழப்பிவிடுவாள்?

இந்தச் சண்டை நம் ஊரில் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் முழு வார்த்தையையும் படம் போலப் பார்த்து மனதில் பதிய வைத்த காலத்தில், 1955ல் ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் அதைக் கண்டித்து ஒரு புத்தகமே எழுதினார். சத்தங்களை வரிசையாகச் சொல்லித் தருவதுதான் பலன் தருகிறது என்று 2000ல் அங்கே ஒரு நிபுணர் குழுவும் அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை 40 வார்த்தைகள் வாசிக்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள். அதில் பாதி, அர்த்தமே இல்லாத வார்த்தைகளாம்! மனப்பாடமா, வாசிப்பா என்று அதிலேயே தெரிந்துவிடுமே.

அதற்காக எல்லாமே சத்தத்தில் அடங்கிவிடாது. 'ஒன்' என்பதை ஓ, என், ஈ என்று எழுதிவிட்டு 'வன்' என்று சொல்லச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்? அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். அர்த்தமும் முக்கியம். என் அம்மா புதுக்கோட்டைப் பக்கம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். அங்கே அ, ஆ என்று தொடங்கவில்லை. 'பட்டா' என்ற முழு வார்த்தையை முதலில் காட்டி, பிறகுதான் எழுத்து எழுத்தாகப் பிரித்தார்கள். "நிலத்துப் பட்டாடி, அது எப்படி மறக்கும்?" என்பார் அம்மா. என் பெண்ணும் 'ஹென்' என்று வாசித்துவிட்டு, "அப்படின்னா என்னம்மா?" என்றாள். கோழி என்றதும்தான் முகம் மலர்ந்தது.

அவள் வகுப்பில் 42 பேர். எல்லாரும் கோரஸாகக் கத்தும்போது யார் வாசிக்கிறார்கள், யார் வாயசைக்கிறார்கள் என்று எந்த டீச்சருக்குத் தெரியும்? வாரத்தில் ஒரு நாளாவது ஒவ்வொரு குழந்தையையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்தச் சத்தங்களின் பட்டியலை ஒரு தாளில் எங்களுக்கும் கொடுங்கள் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்கப் போகிறோம். மாமியாரும் வருகிறாராம்.

- ஒரு வாசகி, காரைக்குடி.