அம்மா, அப்பாவும் சிகிச்சைக் குழுவில்

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் ஒரு கூடத்தில் ஐந்தாறு குடும்பங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற உணவு மறுப்பு நோய்க்கு ஆளான ஒரு வளரிளம் பிள்ளை. சிகிச்சையாளர்கள் சில வேளைகளில் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைப்பார்கள். இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுப் பெற்றோருடன் சாப்பிட வேண்டும். சொந்தப் பிள்ளையிடம் கெஞ்சியும் கோபித்தும் ஓய்ந்துபோன தாய், வேறொரு வீட்டுப் பிள்ளையிடம் தன்னால் நிதானமாகப் பேச முடிகிறது என்பதை அங்கே கண்டுகொள்ள முடியும்.

தொடர்ந்து நான்கு நாள்கள் இப்படிப் போகும். பிறகு பல மாதங்களுக்கு அவ்வப்போது ஒருநாள் கூடுவார்கள். பல குடும்பங்களுக்குச் சேர்த்துத் தரப்படும் இந்தத் தீவிர சிகிச்சை, 1990-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் லண்டனிலும் உருவெடுத்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் முழுக் குடும்பமும் ஐந்து நாள்கள் தொடர்ந்து பங்கேற்கும் திட்டம் இருக்கிறது.

ஒரு காலத்தில் நிலைமை நேரெதிர். 1870-களில் இந்த நோய்க்குப் பெயர் சூட்டிய பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைக் கவனித்துக்கொள்ள உறவினர்கள் ஏற்றவர்கள் அல்லர் என்று கருதினார். பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியே வைப்பதுதான் சிகிச்சை என்றார் பாரிஸின் நரம்பியல் மேதை ஷார்கோ. பிள்ளை சாப்பிட மறுப்பதற்கு வீட்டின் வளர்ப்பே காரணம் என்ற எண்ணம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

அந்த எண்ணத்தை அசைத்தது மாட்ஸ்லியில் நடந்த ஆய்வு. ஜெரால்டு ரஸ்ஸல், கிறிஸ்டோபர் டேர், இவான் ஐஸ்லர் உள்ளிட்ட குழு 1987-ல் அதன் முடிவை வெளியிட்டது. மருத்துவமனையில் எடை கூட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில், 19 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்று ஆண்டுகளைத் தாண்டாதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்ப சிகிச்சை நல்ல பலன் தந்தது.

ஏன் பிள்ளையிடம் மட்டும் பேசினால் போதாது? பட்டினி மூளையையும் மாற்றிவிடும் என்பதுதான் பதில். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அவர்களுக்குச் சோர்வும் எரிச்சலும் வந்தன. நண்பர்களிடமிருந்து விலகினார்கள். எந்நேரமும் உணவைப் பற்றியே சிந்தித்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மனநோய் எதுவும் இல்லாதவர்களுக்கே இந்தக் கதி. நோயோடு பட்டினியும் சேர்ந்த பதினைந்து வயதுப் பெண்ணிடம் ‘நீயே யோசித்து முடிவெடு’ என்றால், முடிவெடுக்க வேண்டிய மூளைக்கே தீனி இல்லை.

அதனால் குடும்ப சிகிச்சை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில் என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் தீர்மானித்து, பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கிறார்கள். குடும்பம் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து சிகிச்சையாளர் முன்னிலையில் உண்ணும் அமர்வும் உண்டு. எடை தேறியதும், இரண்டாம் கட்டத்தில், பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையின் கைக்குத் திரும்புகிறது. படிப்பு, நட்பு, தன்னுரிமை போன்ற வயதுக்குரிய விஷயங்கள் மூன்றாம் கட்டத்தில்தான் வருகின்றன. மொத்தம் ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும்.

நோய் யாரால் வந்தது என்ற விசாரணை இங்கே இல்லை. நோய் வேறு, பிள்ளை வேறு என்று பிரித்துப் பார்க்கப் பெற்றோர் பழகுகிறார்கள். தட்டைத் தள்ளிவிடுவது மகளின் திமிர் அல்ல, நோயின் பிடி என்று புரியும்போது வீட்டில் குரல் தணிகிறது.

பலன் எவ்வளவு? ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிராஞ்ச் ஆகியோர் 121 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துக் குடும்ப சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதத்தினர் முழுமையாகத் தேறியிருந்தனர். தனிநபர் சிகிச்சைக் குழுவில் இது 23 சதவீதம். பிரிட்டனில் 169 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒற்றைக் குடும்ப சிகிச்சையில் ஏறத்தாழ 60 சதவீதத்தினரும் பல குடும்பக் கூட்டுச் சிகிச்சையில் 75 சதவீதத்துக்கு மேற்பட்டோரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர்.

இந்த எண்களிலேயே குறையும் தெரிகிறது. எல்லோரும் தேறுவதில்லை. பெற்றோர் ஓயாமல் குறை சொல்லும் வீடுகளில், அனைவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதைவிடப் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே பார்ப்பது நல்லது என்று மாட்ஸ்லி குழுவே பின்னர் கண்டறிந்தது. வன்முறை நடக்கும் வீட்டில் பெற்றோரிடம் பொறுப்பை ஒப்படைக்கவே கூடாது. இதயத் துடிப்பு மிகவும் குறைந்தாலோ ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்தாலோ முதலில் மருத்துவமனைப் படுக்கைதான். மனநோய்களில் உயிரிழப்பு அதிகமுள்ளவற்றுள் இதுவும் ஒன்று. வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார, வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாத பெற்றோருக்கு இந்த முறை பெரும் பாரம் என்பதும் உண்மை.

மனநோய் சிகிச்சையில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் ஈடுபடுத்தினார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தினர் நோயாளியுடன் தங்கும் வழக்கம் வேரூன்றியது. மருத்துவப் பணியாளர்கள் குறைவு என்ற நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். ஆனால் உடன் தங்குவது மட்டுமே சிகிச்சை ஆகிவிடாது. தட்டைத் தள்ளும் பிள்ளையிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் பெற்றோருக்குப் பயிற்சியாகத் தர வேண்டும். அந்தப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் நமக்கு இன்னும் நிறையத் தேவை.

மகளோ மகனோ வேகமாக மெலிவது, குடும்பத்தோடு சாப்பிடுவதைத் தவிர்ப்பது, மாதவிடாய் நின்றுபோவது, ஓயாத உடற்பயிற்சி, மெலிந்த பின்னும் ‘குண்டாக இருக்கிறேன்’ என்ற பேச்சு: இவை தெரிந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் எடை, நாடி, ரத்தப் பரிசோதனை, பிறகு மனநல மருத்துவர். யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். வயது வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். நோய் பழகப் பழக இந்தச் சிகிச்சையின் பலன் குறைகிறது.