கர்ப்பகாலத்தில் பி தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்

பி தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது நலமாக உள்ளவர்களின் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்புப் பாதையிலும் தங்கி வாழக்கூடிய உருண்டை வடிவப் பாக்டீரியா ஆகும். இதன் அறிவியல் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. 'அகலாக்டியே' என்பது பால் இல்லாமையைக் குறிக்கும். கறவை மாடுகளுக்கு மடிநோய் உண்டாக்கிப் பாலை வற்றச் செய்யும் கிருமியாகத்தான் இது முதலில் அறியப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் மாடு வளர்ப்போருக்கு மடிநோய் பழகியதே. ஆனால் கர்ப்பிணிக்கு இக்கிருமி மாட்டிலிருந்து வந்ததாக எண்ண வேண்டாம். மனிதரிடம் காணப்படும் வகைகள் பெரும்பாலும் வேறானவை. 1933-இல் அமெரிக்க அறிவியலாளர் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைத் தொகுதிகளாகப் பிரித்தபோது இது 'பி' தொகுதியில் சேர்ந்தது.

குடியிருத்தலும் நோயும்

கிருமி உடலில் குடியிருப்பது வேறு, நோய் வேறு. கிருமி என்றாலே நோய் என்று நாங்களே வகுப்பறையில் சொல்லிக்கொடுத்துவிட்டோம். திருத்த வேண்டிய பாடம் அது. உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரிடம் இக்கிருமி உள்ளது என்றும், தெற்காசியாவில் இது 12 முதல் 13 விழுக்காடு என்றும் 2017-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பெரும்பாலோருக்கு வலியோ அரிப்போ இராது. இது பால்வினை நோயன்று. சுத்தமின்மையால் வருவதும் அன்று. சோதனையில் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் அந்தப் பெண்ணை வீட்டார் குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை.

ஆபத்து குழந்தைக்கு. பனிக்குடம் உடைந்த பின்னும் பிரசவத்தின்போதும் கிருமி குழந்தையைச் சென்றடையலாம். கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளில் பாதிப்பேர் அதைப் பெறுகின்றனர். தடுப்பு மருந்து தராவிட்டால் அத்தாய்மாரின் 100 குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டு, முதல் வாரத்திலேயே நோய்வாய்ப்படும். அவற்றுள் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்திற்குள். முனகல், வேகமான மூச்சு, பால் குடிக்காமை, துவண்டு கிடத்தல் ஆகியவை அறிகுறிகள். இரத்தத்தொற்று, நுரையீரல் அழற்சி, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றில் முடியலாம். மூன்று மாதம் வரை தாமதித்து வரும் வகையும் உண்டு.

சோதனை

கர்ப்பத்தின் 36, 37-ஆம் வாரங்களில் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கப்படுகிறது. இக்கிருமி வருவதும் மறைவதுமாக இருப்பதால் முன்னரே எடுத்த முடிவை நம்ப முடியாது. மாதிரியை ஊட்டநீர்மத்தில் ஒருநாள் வளர்த்து, பின்னர் இரத்தம் கலந்த அகார் தட்டில் பரப்புவர். அடையாளம் காணும் முறைகளில் ஒன்று 1944-இல் விவரிக்கப்பட்ட கேம்ப் சோதனை: ஸ்டஃபைலோகாக்கஸ் கோட்டை நோக்கி இக்கிருமியைக் கீறி வைத்தால், இரண்டும் நெருங்குமிடத்தில் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து அம்புமுனை வடிவில் தெளியும். மாணவர்கள் ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

நான்கு மணி நேரம்

கிருமி இருப்பது தெரிந்தால், பிரசவ வலி தொடங்கிய பின் பெனிசிலின் அல்லது ஆம்பிசிலின் நரம்பு வழியாகச் செலுத்தப்படும். குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பாவது தொடங்கினால்தான் முழுப்பயன். கர்ப்பத்தின் நடுவில் மாத்திரை விழுங்குவதால் பயனில்லை. கிருமி திரும்பி வந்துவிடும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்பே தெரிவித்தால் மாற்று மருந்தைத் திட்டமிடலாம்.

இந்த நான்கு மணி நேரந்தான் நம் பள்ளத்தாக்கில் சிக்கல். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் உள்ளது. கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி கடந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஏலத்தோட்ட வேலைக்காக ஜீப்பில் மலையேறிச் செல்லும் பெண்களுக்கு இன்னும் தூரம். பனிக்குடம் உடைந்த பின், வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருந்தால் மருந்துக்குரிய நேரம் வழியிலேயே கழிந்துவிடும். சோதனை செய்திருந்தால் முடிவுத் தாளும், முன்பு பிறந்த குழந்தைக்கு இந்நோய் வந்திருந்தால் அந்தச் செய்தியும், கையோடு போக வேண்டும்.

எல்லோருக்கும் சோதனை தேவையா?

அமெரிக்காவில் 2002 முதல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அங்கு 1990-இல் 1,000 பிறப்புக்கு 1.8 ஆக இருந்த முதல் வார நோய், 2015-இல் 0.23 ஆகக் குறைந்தது. பிரிட்டன் அனைவரையும் சோதிப்பதில்லை. 37 வாரத்திற்கு முன் பிரசவம், பிரசவத்தின்போது காய்ச்சல், கர்ப்பத்தில் சிறுநீரில் இக்கிருமி போன்ற ஆபத்துக் காரணிகளை அங்கு பார்க்கிறார்கள். இந்தியாவிலும் அனைவருக்குமான தேசியத் திட்டம் இல்லை. அதற்குக் காரணமும் உண்டு: டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தொற்றில் முன்னின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியவை. ஆனால் பெருமருத்துவமனையின் கணக்கு கூடலூர்ப் பிரசவத்திற்கு அப்படியே பொருந்துமா என்பது ஐயமே. அந்தந்த வட்டாரத்தில் எண்ணிப் பார்ப்பதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. கர்ப்பிணிக்குப் போட்டுக் குழந்தையைக் காக்கும் தடுப்பூசிகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.