காந்த நாடாவும் களுகங்கை வெள்ளமும்

இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றிற் பால்வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "வாத்தியாரையா, நான் வேலை செஞ்ச வருசத்த நானே ஒப்புவிக்கணுமாம். ஒரு கடுதாசி எழுதித் தாங்க" என்றார். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, தோட்டத் தொழிலாளி சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் பெற உரியவர். அவர் கணக்கிலோ 1996 முதல் 2002 வரை ஏழு ஆண்டுகளைக் காணோம்.

அந்த ஏழு ஆண்டுகளைத் தேடப் புகுந்தபோதுதான் காந்த நாடாவோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது.

2003ஆம் ஆண்டு மே மாதம் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்ததை இப்பகுதியார் மறந்திரார். தோட்டத்துக் காரியாலயத்திலே செக்ரோல் புத்தகங்கள் கூழாயின. கணனி சேற்றில் அமிழ்ந்தது. ஆயினும், பெரிய கிளாக்கராய் இருந்தவர் முன்யோசனைக்காரர். கணனிக் கணக்கைச் சிறு நாடாப் பெட்டிகளிற் பிரதியெடுத்து, மேட்டிலிருந்த பங்களாவில் வைத்திருந்தார். வெள்ளம் அவ்வளவு உயரம் எட்டவில்லை. ஒன்பது நாடாக்கள் தப்பின என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவற்றை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. அலுமாரியின் மேலே அவை ஆண்டுக்கணக்கில் உறங்கின.

நாடாவைப் பழம்பொருள் என்று இகழ்வோர் உளர். அது பிழை. 1951இல் யூனிவாக் கணனியோடு பிறந்த இம்முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் எல்.டி.ஓ. என்னும் வகை வந்தபோது ஒரு பெட்டி 100 கிகாபைட் கொண்டது. 2021இல் வந்த அதன் ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்கிறது. உள்ளங்கையளவு பெட்டிக்குள் அரை அங்குல அகலத்தில் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நாடா! எழுதும் முனையைத் தொடர்ந்து படிக்கும் முனையும் சென்று, எழுதியது சரியா என்று அப்போதே பார்த்துக்கொள்ளும். அத்துடன், பெட்டியை வெளியே எடுத்துவிட்டால் கணனியிற் புகும் பிழையோ கள்வனோ அதைத் தீண்ட முடியாது. 2011 பெப்ரவரியில் கூகிள் நிறுவனத்தின் மென்பொருட் பிழையொன்றால் சிலரின் மின்னஞ்சல்கள் மறைந்தபோது, வெவ்வேறிடத்துக் கணனிகளில் இருந்த பிரதிகளும் உடன் மறைந்தன. மீட்டுத் தந்தது நாடா.

நம் நாட்டிலே மறுபக்கத்தைக் கண்டோம். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் ஏற்பாட்டைப் பணயக் கள்வர் பூட்டிவிட்டனர். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பவில்லை. அக்காலத்துக்குத் தனித்து வைத்த பிரதி எதுவும் இல்லை. கொழும்பிலேயே அப்படி என்றால், எங்கள் கிளாக்கர் ஐயாவை நான் கைகூப்பித்தான் நினைக்க வேண்டும்.

ஆனால், பிரதி இருப்பது வேறு, அது பேசுவது வேறு. நீண்டகாலம் வைக்கும் நாடாவுக்கு 16 முதல் 25 பாகை வெப்பமும், நூற்றுக்கு 20 முதல் 50 வரையான ஈரப்பதமுமே ஏற்றவை என்று செய்வோர் விதிக்கின்றனர். அந்நிலையில் முப்பது ஆண்டுகள் நிற்கும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில், மழைநாளிற் சட்டையே காய்வதில்லை. நாடா எங்ஙனம் காயும்? காந்தத் துகளை நாடாவோடு பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. போதாக்குறைக்கு, கருவியும் வழக்கொழிகிறது. எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறைக் கருவி எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டதைப் படியாது. எங்கள் நாடாவோ அவ்வகைக்கும் முந்தியது.

கொழும்பிலே பழங்கருவி ஒன்றை வைத்திருந்த இளைஞர் ஒருவர் அகப்பட்டார். கருவியைத் திறந்தார், நாடாவை ஓட்டும் ரப்பர் உருளை கரைந்து, பலாப்பிசின்போல ஒழுகிக் கிடந்தது. ரப்பரால் வாழ்ந்தவருக்கு ரப்பரே பகையானதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு உருளை பொருத்தி, மூன்று நாள் முயன்றார். நான்கு நாடாக்கள் முழுதும் பேசின. இரண்டு பாதி பேசின. மூன்று வாய் திறக்கவேயில்லை.

கணக்கு ஏடு இல்லையென்றால் ஆளே இல்லையென்பது எங்கள் மலைகளில் பழைய கதை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் இடைவிடாது வதிந்தமைக்கு அத்தாட்சி கேட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுப்புக்கு மூலம் அரசியல். பழியைக் கடதாசியின்மேற் சுமத்துவது பொய்யாகும். எனினும், மறுக்க நினைத்தவர் கைக்கு வாய்த்த கருவி, லயத்து மக்களிடம் கடதாசி இல்லாமையே.

இப்போது அத்தோட்டத்திலே புதிய கணனி இருக்கிறது. பிரதி எங்கே என்று கேட்டேன். அடுத்த அறையைக் காட்டினார்கள். 2016 மே 17 அன்று கேகாலை அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது, எது அடுத்த அறை, எது அடுத்த வீடு என்று மண் பார்க்கவில்லை. கடைசியாக எப்போது பிரதியைத் திறந்து படித்தீர்கள் என்றும் கேட்டேன். பணியிலிருந்த தம்பி தேநீர் வேண்டுமா என்று வினவினார்.

பெரியவருக்கு 1996, 1997, 1998 ஆகிய மூன்றாண்டுகள் நாடாவிலிருந்து திரும்பின. 2001, 2002க்கு அவர் மனைவி பிஸ்கட் டின்னிற் சேர்த்து வைத்திருந்த சம்பளத் துண்டுகள் உதவின. இடைப்பட்ட ஈராண்டு குறித்து எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இளைஞர் அச்சிட்டுத் தந்த தாளை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தோட்டத்திலே ஒருநாள் வேலையை ஒரு 'பேர்' என்பார்கள். 1997 ஜூனில் 19 பேர் என்று வாசித்தேன்.

"அந்த மாசம் மழை, ஐயா" என்றார் அவர். "பால் வெட்ட விடல்ல."