பத்தரை மணித்தியாலத் தூரம்

சார்செலின் அடுக்குமாடிகளுக்கு மேலாக விமானங்கள் இரைந்து செல்வது எமக்குப் பழகிப்போன ஒன்று. அண்மையில் நண்பரொருவர் இல்லத்தில் இருந்தபோது, அவருடைய சின்ன மகள் யன்னலோரம் நின்று கேட்டாள்: "அப்பா, எங்கட ஊருக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?" நண்பர் மௌனமாக இருந்தார். அவருக்காக நாம் கணக்கிட்டுப் பார்த்தோம்.

பாரிஸிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர். நேரடி விமானமாயின் பத்தரை மணித்தியாலம் வரையில் போதும். திரும்பும்போது எதிர்க்காற்றினால் மேலும் ஒரு மணித்தியாலம் வரை செல்லும். கைக்கடிகாரத்தைக் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் முன்னே நகர்த்த வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் மேலும் 400 கிலோமீற்றர். 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

இது வரைபடம் கூறும் கணக்கு. எம்மவர் வந்த கணக்கு வேறு. 1980களில் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து றெயில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தனர். 1986இல் அவ்வழி அடைபட்டது. பின்னர் புறப்பட்டோர் முகவர்களை நம்பி, முகமறியா நாடுகளின் பூட்டிய அறைகளில் மாதக்கணக்கில் காத்திருந்தனர். பத்தரை மணித்தியாலத் தூரத்தைக் கடக்க ஓராண்டுக்கு மேல் எடுத்தோரும் உளர். வழியிலேயே உயிரிழந்தோரும் உளர்.

திரும்பிச் செல்வதற்கோ கணக்கே இல்லை. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி அகதியாக ஏற்கப்பட்டவருக்குப் பிரான்ஸ் வழங்கும் பயணப் பத்திரம், அவர் தப்பிவந்த நாட்டுக்குச் செல்வதற்குச் செல்லுபடியாகாது. மீறிச் சென்றால் அகதி நிலையையே இழக்க நேரலாம். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவரிடம் அப்பத்திரமும் இல்லை. தாயின் மரணச் செய்தி தொலைபேசியில் நொடியில் வந்து சேர்கிறது. கொள்ளி வைக்க வேண்டிய மகனால் போய்ச் சேர முடிவதில்லை.

ஆகவேதான் எம்மவர் பலர் சென்னையைச் சந்திப்பிடமாக்கிக் கொண்டனர். பாரிஸிலிருந்து அது ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். பலாலியிலிருந்தோ 360 கிலோமீற்றர் அளவே. முன்னர் முதிய பெற்றோர் கொழும்பு வரை இழுபட்டே விமானம் ஏறினர். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாகியது. இன்று ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அவர்கள் கடலைக் கடந்துவிடலாம்.

லாச்சப்பலில் விமானச்சீட்டு வாங்க விரையும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பயணப் பத்திரத்தின் காலாவதித் திகதியைப் பாருங்கள். அடுத்து இந்திய விசாவைப் பெறுங்கள். சீட்டு அதற்குப் பின்னரே. அவசரத்தில் இந்த ஒழுங்கை மாற்றிக் காசையும் சந்திப்பையும் ஒருங்கே இழந்தோரை நாம் அறிவோம்.

நண்பரின் தாயாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. அவரும் இதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். நாம் விடைபெறும் வேளையில் மகளை அருகழைத்துச் சொன்னார்: "சென்னைக்குப் பத்து மணித்தியாலம் பிள்ளை. அப்பம்மா அங்க வருவா."

காலம் தாழ்த்த வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள். தூரம் மாறுவதில்லை, பெற்றோரின் வயது நிற்பதில்லை.